ஆயிரம் பீஸா, பன்னிரண்டு பீஸா: பனியன் கம்பெனிக்கு எது கட்டுபடியாகும்?

திருப்பூரில் நடுத்தரமான ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அறுபது எழுபது மெஷின். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சொந்தக் கூரைக்குள். நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அமுக்குவது), பிரிண்டிங், எம்பிராய்டரி வெளியே ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குக் கொடுத்துச் செய்து வாங்குவது. கையில் மூன்று நான்கு வெளிநாட்டு பையர்கள், ஸ்டைலுக்குச் சில ஆயிரம் பீஸ். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான வரியை 50 சதவீதம் ஆக்கியது. ஒரு பையர், ஒரு நாடு என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பழைய கேள்வி ஒன்று மறுபடி எழுந்தது. ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் தைத்து அனுப்புவதற்குப் பதிலாக, கேட்பவர் கேட்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொடுத்து நல்ல விலை வாங்க முடியாதா?

மேலாண்மைப் பாடங்களில் இதற்கு மாஸ் கஸ்டமைசேஷன் என்று பெயர். மொத்த உற்பத்தியின் செலவிலேயே ஒவ்வொருவருக்கும் ஏற்ற பொருளைச் செய்து கொடுப்பது. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் கிளம்பிய பேச்சு. ஆர்டர் வந்த பிறகு கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்த டெல் நிறுவனத்தை அதற்கு உதாரணமாகச் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை எம்.பி.ஏ. படித்து முடித்தது.

அந்தப் பாடத்தை அப்படியே இங்கே இறக்கினால் ஒரு இடத்தில் இடிக்கும். அமெரிக்காவில் ஆள் அளவுக்குத் தைத்த துணி என்றால் ஆடம்பரம், கூடுதல் விலை கேட்கலாம். நம் ஊரில் அளவு ஜாக்கெட்டை ஒரு மஞ்சள் பையில் போட்டுத் தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் முடிந்தது. கழுத்து எவ்வளவு இறங்க வேண்டும், கையில் பஃப் வேண்டுமா, பின்னால் கயிறு வேண்டுமா, எல்லாம் அவரிடமே பேசிக்கொள்ளலாம். வளரும் நாடுகள் பலவற்றில் இதுதான் நிலைமை. ‘உங்களுக்காகவே செய்தது’ என்பதற்காக மட்டும் இங்கே யாரும் இரண்டு மடங்கு தரமாட்டார்கள். அந்த டெய்லரால் செய்ய முடியாத எதைக் கம்பெனி செய்கிறதோ, அதற்குத்தான் காசு.

இந்த விஷயத்தில் முடிவெடுக்க உதவும் கேள்வி ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் விருப்பம் வேலையின் எந்தக் கட்டத்தில் உள்ளே நுழைகிறது? நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பிரிண்ட், பேக்கிங் என்று வரிசை போகிறது. ஐந்து சைஸ், எட்டு கலர், மூன்று வகைக் கை, நான்கு வகைக் கழுத்து என்று ஒரு டி-ஷர்ட்டைத் திறந்துவிட்டால் 480 விதம். அத்தனையையும் தைத்து அடுக்கி வைத்துக் காத்திருந்தால் குடோன்தான் நிறையும். கடைசிக் கட்டம் வரை எதை மாற்றாமல் வைத்திருக்கலாம் என்பதில்தான் பிழைப்பு இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

அளவெடுத்துத் தைப்பது

கேட்கும்போது மிக அழகாக இருப்பது இதுதான், பனியன் கம்பெனிக்கு மிகப் பொருந்தாததும் இதுதான்.

சீனாவின் சிங்தாவ் நகரில் ரெட் காலர் என்ற சூட் கம்பெனி. மற்ற எல்லோரையும் போல மொத்தமாகத் தைத்து ஏற்றுமதி செய்தவர்கள், 2003 வாக்கில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் உழைத்து, ஆளுக்கொரு அளவில் சூட் தைக்கும் தொழிற்சாலையாக மாறினார்கள். அளவைக் கொடுத்தால் பேட்டர்னைக் கம்ப்யூட்டர் போடுகிறது. ஒவ்வொரு துணியோடும் ஒரு மின்னணு அட்டை பயணிக்கிறது. டெய்லர் அதைத் தன் மெஷின் பக்கத்திலுள்ள திரையில் காட்டினால், இந்தச் சூட்டுக்கு எந்தப் பட்டன், எந்த நூல், எந்தத் தையல் என்று வந்துவிடும். ஏழு வேலை நாளில் சரக்கு தயார் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு.

அருமையான ஏற்பாடு. ஆனால் அது சூட். விற்கிற விலையில் அந்த மென்பொருள் செலவு கரைந்துவிடும். முந்நூறு ரூபாய் டி-ஷர்ட்டில் எதைக் கரைப்பது? அதைவிடப் பெரிய விஷயம், பின்னல் துணி இழுபடும். மீடியம் போடுபவருக்கும் லார்ஜ் போடுபவருக்கும் இடையில் இருக்கும் உடம்புகளை எல்லாம் சிங்கிள் ஜெர்சி என்கிற டி-ஷர்ட் துணி தானாகவே சமாளித்துவிடும். அரை இஞ்சுத் துல்லியத்துக்கு டி-ஷர்ட்டில் மதிப்பே இல்லை.

பணக்கார நாட்டுக் கம்பெனிகளே இதில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன. லீவைஸ் 1990களின் நடுவில் பெண்களுக்கு அளவெடுத்து ஜீன்ஸ் தைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் இருந்த தன் ஆலைகளை மூடிய காலத்தில் அதுவும் நின்றுபோனது. அடிடாஸ் ஜெர்மனியின் அன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரோபோக்களை வைத்து, சந்தைக்குப் பக்கத்திலேயே சீக்கிரமாக ஷூ செய்ய இரண்டு ஆலை கட்டியது. 2019 நவம்பரில் இரண்டையும் மூடப்போவதாக அறிவித்து, அந்தத் தொழில்நுட்பத்தை ஆசியாவில் தனக்குச் சரக்கு செய்து தருபவர்களிடம் கொண்டுபோவதாகச் சொன்னது. இந்த வழியை இத்தோடு விடலாம்.

அதே லைனில் சின்ன ஆர்டர்

பெரும்பாலான முதலாளிகள் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். புதிய முதலீடு ஒன்றும் இல்லை. மூவாயிரம் பீஸ் வாங்கும் பையரிடம் ‘முந்நூறும் எடுத்துக்கொள்கிறோம்’ என்று சொல்வது. சுலபமாகத் தெரியும், நஷ்டம் வருவதும் இதில்தான். அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலாவது சாயம். 250 கிலோ டையிங் மெஷின் என்றால் சுமாராக ஆயிரம் டி-ஷர்ட்டுக்கான துணி. முந்நூறு பீஸுக்கு அறுபது எழுபது கிலோ கொண்டுபோனால் சாயப்பட்டறைக்காரர் சின்ன மெஷின் காலியாகும் வரை காக்க வைப்பார். இல்லாவிட்டால் முழு மெஷினுக்கான காசைக் கேட்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சாயக் குளியலுக்கு ஆகும் நேரம் துணி குறைந்தால் குறையப் போவதில்லை.

அடுத்து கட்டிங். லே என்று சொல்லும் துணி அடுக்கில் எண்பது நூறு மடிப்பு விரித்து ஒரே வெட்டில் எடுப்பதுதான் கட்டிங் மாஸ்டரின் கணக்கு. பத்து அடுக்குக்கும் மார்க்கர் (வெட்ட வேண்டிய துண்டுகளின் வரைபடம்) போட்டாக வேண்டும், விரித்தாக வேண்டும், கத்தி ஓட்டியாக வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிது, அதைப் பாடங்களில் அதிகம் பார்க்க முடியாது: பீஸ் ரேட். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று எந்த வகை மெஷினில் தைக்கும் டெய்லருக்கும் பெரும்பாலும் பீஸ் கணக்கில்தான் கூலி. புதிய ஸ்டைல் லைனில் இறங்கினால் முதல் நாள் கை ஓடாது. இரண்டாம் நாள் ஓடும், அப்புறம்தான் வேகம் பிடிக்கும். அந்த வேகத்தில் வருவதுதான் அவர்களுடைய வாரச் சம்பளம். முந்நூறு பீஸ் ஸ்டைல் வேகம் பிடிக்கும் முன்பே முடிந்துவிடும். வாரத்தில் நான்கு ஸ்டைல் மாற்றினால் நல்ல டெய்லர் அடுத்த தெருக் கம்பெனிக்குப் போய்விடுவார். போகத்தான் செய்வார்; அங்கே ஒரே ஸ்டைல் பத்து நாள் ஓடுகிறதே. விதம் விதமாகச் செய்துகொடுப்பதன் செலவை முதலாளி தாங்காமல் டெய்லரின் கூலியில் ஏற்றினால், ஆள் நிற்க மாட்டார் என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் செலவுக் கணக்குப் போடும் காஸ்டிங் ஷீட்டில் அதற்கு ஒரு வரி கிடையாது.

வெள்ளையாகத் தைத்துவிட்டு, அப்புறம் சாயம்

பெயின்ட் கடைக்குப் போனால், ஆயிரக்கணக்கான கலரில் டப்பா அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். வெள்ளை பேஸ் சில வகை, கலர் மெஷினில் ஒரு டஜன் சாயம். நீங்கள் அட்டையில் நம்பரைக் காட்டியதும் கலந்து குலுக்கிக் கொடுத்துவிடுவார்கள். சின்ன ஊர் ஹார்டுவேர் கடைவரை வந்துவிட்ட மாஸ் கஸ்டமைசேஷன் அது, யாரும் அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பதைத் தவிர. துணியில் இதைச் செய்து பெயர் வாங்கியது இத்தாலியின் பெனட்டன். 1970களில் ஸ்வெட்டர்களைச் சாயம் போடாமலேயே பின்னித் தைத்து வைத்துக்கொண்டு, கடையில் எந்தக் கலர் ஓடுகிறது என்று பார்த்து அப்புறம் சாயத்தில் போட்டார்கள்.

எட்டு கலர், ஐந்து சைஸ் என்றால் நாற்பது விதச் சரக்குக்குப் பதில் ஐந்து விதம் ஸ்டாக் வைத்தால் போதும். டெய்லர் வாரக்கணக்கில் ஒரே வெள்ளைப் பீஸைத் தைக்கலாம், கூலி அடிபடாது. இது பெரிய வசதி.

சிக்கல் துணியில் இருக்கிறது. தைத்த பிறகு சாயத்தில் போட்டால் துணி சுருங்கும், ஆகவே சுருக்கத்தைக் கணக்கிட்டுப் பெரிதாகவே வெட்ட வேண்டும். தையல் நூல் பாலியஸ்டராக இருந்தால் பருத்திக்கான சாயம் அதில் ஏறாது. கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளைத் தையல் பல்லிளிக்கும், எனவே பருத்தி நூல் போட வேண்டும். அதற்கு வலு குறைவு, மெஷினில் அடிக்கடி அறும். கழுத்து ரிப்பும் உடம்புத் துணியும் வேறு வேறு நூல் லாட் என்றால் ஒரே சாயத்தில் இரண்டு ஷேடாக வரும். செக்கிங் டேபிளில் இதெல்லாம் தெரியும்போது திருத்த வழியே இருக்காது.

அதைவிட, திருப்பூருக்கு என்று ஒரு வரலாறு இருக்கிறது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பிறகு வேலை நடக்கிறது. தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்ப எடுத்து, உப்பைத் தனியாகப் பிரிக்கும் செலவு ஒவ்வொரு கிலோ சாயத் துணியிலும் ஏறுகிறது. பனியன் கம்பெனிக்காரர் கொல்லையில் 25 கிலோ மெஷின் ஒன்றைப் போட்டுச் சாயம் ஏற்றலாம் என்ற யோசனையே வேண்டாம். அது சட்டப்படி நடக்காது, நடக்கவும் கூடாது. அனுமதி உள்ள பட்டறையில் சின்ன மெஷின் வைத்திருப்பவரோடு நிரந்தரமாக ஒப்பந்தம் இருந்தால் மட்டும் இந்த வழியைத் தொடலாம். கலரை நம்பி நிற்கும் பிராண்டுக்கு இது சரி, ஜாப் ஒர்க்கில் ஆள் மாற்றி ஆள் தேடுபவருக்குச் சரிவராது.

தைத்து முடித்த பிறகு பிரிண்ட்

இன்று இளைஞர்கள் அதிகம் இறங்குவது இங்கேதான். பிளாங்க், அதாவது எதுவும் அச்சடிக்காத டி-ஷர்ட்டை ஸ்டாக் வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்ததும் டிசைனை ஏற்றி அனுப்புவது.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் கலருக்கு ஒரு ஸ்கிரீன். நான்கு கலர் டிசைனுக்கு ஸ்கிரீனும் செட்டிங்கும் சேர்த்து 2,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆயிரம் பீஸ் என்றால் பீஸுக்கு இரண்டு ரூபாய், பன்னிரண்டு பீஸ் என்றால் பீஸுக்குச் சுமார் 167 ரூபாய். டி.டி.எஃப். (டைரக்ட் டு ஃபிலிம்) முறையில் ஸ்கிரீனே கிடையாது. டிசைனை ஒரு பிளாஸ்டிக் படலத்தில் அச்சடித்து, பசைப் பொடி தூவி உருக்கி, ஹீட் பிரஸ்ஸில் சில வினாடி அழுத்தினால் துணியில் ஒட்டிக்கொள்ளும். முதல் பீஸுக்கும் நூறாவது பீஸுக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். பருத்தி, பாலியஸ்டர், கறுப்பு, வெள்ளை எதிலும் ஒட்டும். குறை என்னவென்றால், பெரிய டிசைன் நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டினாற்போல இருக்கும், வெயிலில் காற்றே போகாது. டி.டி.ஜி. (டைரக்ட் டு கார்மென்ட்) முறை மையை நேராகத் துணியிலேயே தெளிக்கிறது. தொட்டால் மிருதுவாக இருக்கும், ஆனால் பருத்தியில்தான் நன்றாக வரும். அடர் கலர் துணிக்கு முன்னதாக ஒரு திரவம் பூசிக் காயவைத்து, வெள்ளை மை அடித்து, அதன்மேல் கலர் அடிக்க வேண்டும். மெஷினும் விலை அதிகம். வெள்ளை மை ஓடாமல் நின்றால் மெஷினின் பிரிண்ட் ஹெட் அடைத்துக்கொள்ளும், ஆகவே ஆர்டர் இல்லாத நாளிலும் அதைக் கவனிக்க ஆள் வேண்டும்.

இந்த வழியில் கம்பெனியின் தையல் லைனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. பீஸ் ரேட் அப்படியே இருக்கும். ஆனால் ஒரு சங்கடம்: டி.டி.எஃப். மெஷினை ஓர் அறையில் போட்டு யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். கல்லூரி முடித்த பையன் திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையில் பிளாங்க் வாங்கிச் செய்கிற வேலையை, எழுபது மெஷின் வைத்திருப்பவர் செய்வதால் என்ன கூடுதல் லாபம்? போட்டி முழுக்க விலையில்தான்.

ஜெர்சி

ஊர்க் கபடி அணி ஒன்று டோர்னமென்ட்டுக்கு ஜெர்சி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆடுபவர் ஏழு, மாற்று ஆட்டக்காரர் ஐந்து, பன்னிரண்டு பேர். கேப்டன் வாட்ஸ்அப்பில் பெயர்ப் பட்டியல் அனுப்புகிறார். இரண்டு பேருக்கு ஏழாம் நம்பர்தான் வேண்டும். ஒருவர் இன்ஷியல் முன்னால் வர வேண்டும் என்கிறார், இன்னொருவர் பட்டப்பெயர் போதும் என்று வாய்ஸ் நோட் போடுகிறார். ஸ்பான்சர் செய்த கடையின் லோகோ மங்கலான போட்டோவாக வருகிறது. சைஸ் எல்லாருக்கும் வேறு வேறு. ஞாயிறு மேட்ச்.

உண்மையில் இதுதான் முழுமையான மாஸ் கஸ்டமைசேஷன். இதற்கு உதவுவது சப்ளிமேஷன். வெள்ளைப் பாலியஸ்டர் துணியைச் சைஸ்படி வெட்டி, காகிதத்தில் அடித்த டிசைனைச் சுமார் 200 டிகிரி வெப்பத்தில் அழுத்தினால், மை ஆவியாகி இழைக்குள் போய்விடும். உரியாது, காற்றும் போகும். பருத்தியில் நிற்காது என்பதுதான் வரம்பு. அப்புறம்தான் தையல்.

தையலுக்கு முன்னாலேயே வாடிக்கையாளர் விருப்பம் நுழைந்துவிட்டதே, டெய்லருக்குச் சிரமம் இல்லையா? அவ்வளவாக இல்லை. படம் மாறுகிறதே தவிர, கழுத்தும் கையும் அதே பேட்டர்ன்தான். கபடி அணிக்கும் கிரிக்கெட் அணிக்கும் கோவில் திருவிழா இளைஞர் குழுவுக்கும் ஓவர்லாக்கில் ஓடும் தையல் ஒன்றே. கை வேகம் குறையாது.

பயம் வேறு இடத்தில். பன்னிரண்டு முன்பக்கம், பன்னிரண்டு பின்பக்கம், இருபத்து நான்கு கை. ஒன்று மாறினால் ஒருவருடைய சட்டையில் இன்னொருவர் முதுகு. இதற்குப் பிரிண்ட் ஃபைலிலேயே வழி செய்யலாம். தையலுக்குள் மறைந்துபோகும் அரை இஞ்சு ஓரத்தில், ஆர்டர் எண், சைஸ், ஆட்டக்காரர் நம்பர் மூன்றையும் பொடி எழுத்தில் சேர்த்தே அடித்துவிடுவது. டெய்லருக்கு உதவும் கைமடிப் பெண் நம்பரைப் பார்த்துச் சேர்த்துக் கொடுத்துவிடுவார், தைத்த பிறகு வெளியே தெரியாது. சிங்தாவ் கம்பெனியின் மின்னணு அட்டை செய்கிற வேலையை இந்த ஒரு வரி மை செய்துவிடுகிறது. வளரும் நாட்டுத் தொழிற்சாலைக்கு விலையுயர்ந்த மென்பொருள் இல்லாமல் இது கூடாது என்று சொல்பவர்களோடு நான் உடன்படாதது இதனால்தான்.

காசு வரும் வழி

ஏற்றுமதியில் நூலுக்கு இன்று காசு கொடுத்து, சரக்கு போய், பில் பணம் வர மாதங்கள் ஆகும். நடுவில் வங்கி வட்டி ஓடும். ஜெர்சியில் பாதிப் பணம் முன்பணமாக யு.பி.ஐ.யில் வந்த பிறகுதான் துணியையே வெட்டுவார்கள். நடைமுறை மூலதனத்துக்குத் திண்டாடும் கம்பெனிக்கு லாப சதவீதத்தைவிட இது பெரிது.

ஆனால் முன்பணத்தில் கண்டிப்பு தளரக் கூடாது. சாதாரண டி-ஷர்ட்டில் மிச்சம் விழுந்தாலும், குறை இருந்து செகண்ட்ஸ் ஆனாலும் காதர்பேட்டையில் ஏதாவது ஒரு விலைக்குப் போகும். முதுகில் பெயரும் நெஞ்சில் ஊர்க் கடை லோகோவும் போட்ட சட்டையை அங்கேகூட யாரும் வாங்க மாட்டார்கள். ஆன்லைனில் கேஷ் ஆன் டெலிவரியில் ஒற்றைப் பீஸ் விற்றால், வாங்காமல் திருப்பி அனுப்பியது எல்லாம் துடைக்கும் துணிதான்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒற்றை ஒற்றையாகப் பார்சல் அனுப்பலாம் என்று கணக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். 800 டாலருக்குட்பட்ட பார்சலுக்கு அமெரிக்காவில் இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுக்கும் நின்றது. அந்தச் சமயத்தில் இந்திய அஞ்சல் துறையே அமெரிக்கப் பார்சல்களைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. பெரிய ஆர்டருக்கு வரும் வரிப் பிரச்சினையிலிருந்து தப்பிக்க இது குறுக்குவழி ஆகாது.

எதை எடுப்பது?

என் ஓட்டு ஜெர்சிக்கும், அதே தர்க்கத்தில் வரும் குழு ஆர்டர்களுக்கும்: பள்ளி விளையாட்டு உடை, கம்பெனி விழா டி-ஷர்ட், மாரத்தான், ஊர்த் திருவிழா. பத்திலிருந்து முந்நூறு பீஸ், ஒரே பேட்டர்ன், உள்ளே ஆளுக்கு ஆள் மாற்றம், முன்பணம். ஒற்றை வாடிக்கையாளரைத் தேடி விளம்பரத்துக்குக் கொட்ட வேண்டியதில்லை, ஒரு கேப்டனைப் பிடித்தால் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். தெருமுனை டெய்லராலும் இதைச் செய்ய முடியாது. தைத்த பிறகு சாயம் போடும் வழியை பிராண்ட் வைத்திருப்பவர் இரண்டாவதாக யோசிக்கலாம்.

இதை மெயின் லைனில் கலக்கக் கூடாது. ஆறு முதல் எட்டு மெஷினைத் தனியாகப் பிரித்து, அங்கே உட்காருபவர்களுக்குப் பீஸ் ரேட் இல்லாமல் ஷிப்ட் சம்பளம் பேசிவிட வேண்டும். எல்லாம் தைக்கத் தெரிந்தவர்களாக, கொஞ்சம் கூடுதல் சம்பளத்தில். ஆர்டர் எடுக்க ஒருவர், டிசைன் ஃபைல் செய்ய ஒருவர். பெயர்ப் பட்டியலைக் கேப்டனிடமே ஃபைனல் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன்பிறகு மாற்றம் கிடையாது என்று சொல்லத் தெரிந்தவராக அந்த முதல் ஆள் இருக்க வேண்டும். முதலாளியே போனை எடுத்து ‘சரி தம்பி, மாத்திடலாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் இந்தத் தொழில் ஓடாது.

அந்த இரண்டு பேரை வைக்க முடியாத கம்பெனி, பிரிண்ட் செய்து விற்பவர்களுக்கு பிளாங்க் சப்ளை செய்யலாம். நல்ல ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணி எடை), துவைத்தால் சுருங்காத துணி, லாட்டுக்கு லாட் மாறாத ஷேடு, எப்போது கேட்டாலும் ஐந்து சைஸும் ஸ்டாக். அதுவும் பழைய ஆயிரம் பீஸ் வேலைதான். லைன் மாறாது, டெய்லர் மாறமாட்டார், வாங்குபவர் மட்டும் நியூயார்க்குக்குப் பதில் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்.